கார்டிஃப் போகிறவர்கள் கவனத்துக்கு: 438 பவுண்டு போயிடுச்சு

438 பவுண்டு. நம்ம ஊர்க் காசுக்கு ஏறக்குறைய அரை லட்சம். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம், வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில், கொட்டுகிற மழையில், 71 வயது அம்மாவைத் திறக்காத கதவுக்கு வெளியே நிறுத்தி வைத்து நாங்கள் பறிகொடுத்த காசு. இன்றைக்குச் செவ்வாய். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. வேறு யாரும் இதில் போய் விழக் கூடாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். கோர்வையாக வருமா தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், ரெடிங்கில். அம்மா புதுக்கோட்டையிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகிறது. லண்டனெல்லாம் காட்டியாகிவிட்டது. அம்மா முப்பது வருடம் தமிழாசிரியையாக இருந்தவர். வேல்ஸில் தெருப் பலகை எல்லாம் இரண்டு மொழியில் இருக்கும், ரோட்டில்கூட 'மெதுவாக' என்பதை வேல்ஷில் 'அராஃப்' என்று பெயின்ட் அடித்திருப்பார்கள் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். "அந்த ஊரைப் பாக்கணும்டி" என்றார். செயின்ட் ஃபேகன்ஸும் மனதில் இருந்தது. கார்டிஃபை ஒட்டி இருக்கிற திறந்தவெளி அருங்காட்சியகம், 1948இல் ஆரம்பித்தது. வேல்ஸ் முழுவதிலிருந்தும் பழைய வீடுகளைக் கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். நம்ம முட்டுக்காடு தட்சிணசித்ரா மாதிரி. மெர்தர் டிட்ஃபிலிலிருந்து வந்த ஒரு வரிசைத் தொழிலாளர் வீடுகள் இருக்கின்றன. 1805இல் தொடங்கி 1985 வரை ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு காலத்துச் சாமான்களோடு. அம்மாவுக்கு அதைக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வெள்ளி, சனி இரண்டு ராத்திரி தங்க ஏற்பாடு செய்தேன்.

வீடுகளை நாள் வாடகைக்குப் பிடித்துக் கொடுக்கிற ஒரு பெரிய இணையதளம். எல்லோரும் புழங்குவதுதான். சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு ஃப்ளாட், இரண்டு ராத்திரிக்கு 310 பவுண்டு. ஆறு வாரம் முன்னாலேயே டெபிட் கார்டில் கட்டிவிட்டேன். அம்மாவுக்கு முட்டிவலி, படி ஏற முடியாது, லிஃப்ட் வேலை செய்கிறதா என்று அந்த வீட்டுக்காரரிடம் கேட்டும் எழுதியிருந்தேன். அதுதான் பின்னால் எங்களுக்கே வினையானது.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து மெசேஜ். மேல் வீட்டில் குழாய் வெடித்துவிட்டது, குளியலறைக் கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது, மிகவும் வருந்துகிறேன் என்று. கூடவே இது: "உங்கள் அம்மாவுக்குப் படி ஏறுவது சிரமம் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் உங்களை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. கார்டிஃப் பே என்கிற கடலோரப் பகுதியில் எனக்கு இன்னொரு ஃப்ளாட் இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறது." அந்தக் கைப்பிடியின் ஃபோட்டோவே அனுப்பியிருந்தார். வெள்ளை டைல்ஸ் சுவரில் ஒரு ஸ்டீல் கைப்பிடி. அதைப் பார்த்ததும் நான் இளகிவிட்டேன். முன்பின் தெரியாத ஒரு மனிதர் என் அம்மாவின் முட்டிக்காக இவ்வளவு யோசிக்கிறாரே என்று என் கணவரிடம் சொன்னேன். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். தளத்தில் நீங்களே கேன்சல் செய்துவிடுங்கள், நான் முழுப் பணத்தையும் திருப்பித் தர ஒப்புதல் கொடுத்துவிடுகிறேன். நான் கேன்சல் செய்தால் தளம் பத்து நாள் இழுத்தடிக்கும். புது வீட்டுக்கு 283 போதும், நேராக வங்கியில் போட்டுவிடுங்கள். பழைய விலையைவிடக் குறைச்சல். பேச்சு வாட்ஸப்புக்கு மாறியது.

கேன்சல் செய்தேன். 283 பவுண்டு அனுப்பப் போனால், நீங்கள் கொடுத்த பெயரும் அந்தக் கணக்கில் இருக்கிற பெயரும் பொருந்தவில்லை என்று வங்கி ஆப் சிவப்பில் காட்டியது. கேட்டேன். "அது என் மனைவியின் கணக்கு" என்று அரை நிமிடத்தில் பதில் வந்தது. என் கணவர் ஒரு ராத்திரி பொறு என்றார். ட்ரெய்ன் டிக்கெட் எடுத்தாயிற்று, அம்மா பெட்டி கட்டியாயிற்று என்று சொல்லிவிட்டு நான்தான் 'தொடரவும்' என்பதை அழுத்தினேன்.

வெள்ளிக்கிழமை ட்ரெய்ன் முழுக்கச் சிவப்பு ஜெர்சி. தலையில் டாஃபடில் பூத் தொப்பி வைத்துக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டு வருகிறார்கள். அப்போதுதான் தெரிந்தது, மறுநாள் சர்வதேச ரக்பி ஆட்டம். கார்டிஃப் ஸ்டேடியம் மற்ற ஊர்களைப் போல எங்கோ ஊருக்கு வெளியே இல்லை. ஸ்டேஷனை விட்டு இறங்கினால் எதிரிலேயே நிற்கிறது. 1999இல் திறந்தது, கூரையை மூடித் திறக்கலாம், 74,000 பேர் உட்காரலாம். ஆட்டம் என்றால் அத்தனை கூட்டமும் அந்தச் சின்ன ஊரின் நடுவில் வந்து இறங்கும். அறை வாடகை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஏறும். ஆறு வாரம் முன்னால் 310க்கு நான் பிடித்த வீடு அந்த வாரம் என்ன விலைக்குப் போயிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊர் மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணக்குப் பார்த்தால் சென்னையில் வருடத்துக்குப் பெய்கிற மழைதான் அதிகம். ஆனால் நமக்கு ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். கார்டிஃபில் ஏறக்குறைய 1150 மில்லிமீட்டரும் வருடம் முழுக்கப் பிரிந்து, பொடிப்பொடியாக, காற்றோடு சாய்ந்து வருகிறது. குடை பிரயோசனமே இல்லை. கார்டிஃப் பே பகுதியில் டாக்சியை விட்டு இறங்கி அந்தக் கட்டடத்து வாசலுக்கு நடப்பதற்குள் அம்மாவின் சால்வை கனத்துப் போய்விட்டது.

வாசல் பக்கத்துச் சுவரில், எண் போட்டுத் திறந்து சாவி எடுக்கிற பெட்டிகள் நான்கைந்து வரிசையாக இருந்தன. எங்களுக்குச் சொன்னது இடமிருந்து மூன்றாவது. அவர் அனுப்பிய நான்கு எண்ணையும் போட்டேன். திறக்கவில்லை. எண் சக்கரத்தில் மழைத்தண்ணீர் வழிகிறது, விரல் வழுக்குகிறது, ஃபோன் வெளிச்சத்தில் திரும்பத் திரும்பப் போடுகிறேன். பக்கத்துப் பெட்டிகளிலும் போட்டுப் பார்த்தேன். மெசேஜ் அனுப்பினால் "இரண்டு நிமிடம், ஆள் வந்துகொண்டிருக்கிறார்." இருபது நிமிடம் கழித்து "ட்ராஃபிக்கில் இருக்கிறார், ஐந்து நிமிடம்." அதற்குப் பிறகு ஒற்றை டிக் மட்டும்தான். கொஞ்ச நேரத்தில் அவருடைய ப்ரொஃபைல் படமும் காணாமல் போனது. பிளாக் செய்துவிட்டார்.

அம்மா பெட்டி மேல் உட்கார்ந்து என் மகளை மடியில் அணைத்துக்கொண்டு எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மில்லென்னியம் சென்டர் என்கிற கலையரங்கத்தின் முகப்பில் ஆள் உயரத்துக்கும் மேலே எழுத்துகள் வெட்டியிருப்பார்கள், வேல்ஷிலும் ஆங்கிலத்திலும். எழுத்துகளே ஜன்னல்கள். இருட்டினால் உள்விளக்கு அதன் வழியாகத் தெரியும். "என்னடி அது, கட்டடத்துல எழுத்து எரியுது?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. என் மகள் "அம்மாச்சி, ரெண்டு பாஷையில எழுதியிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எந்த ஊரைக் காட்டக் கூட்டி வந்தேனோ அதை அம்மா பூட்டின கதவுக்கு வெளியே நனைந்துகொண்டு பார்த்தார். 438 பவுண்டு திரும்ப வந்தாலும் எனக்கு அந்தக் காட்சி போகாது.

ஒரு மணி நேரம் கழித்து அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் வந்தார். பார்த்தவுடனே புரிந்துகொண்டார். அந்த எண்ணில் ஃப்ளாட்டே கிடையாதாம். "இந்த மாதம் இப்படி வந்து நிற்கிறது நீங்கள் மூன்றாவது குடும்பம்" என்றார். எங்களை உள்ளே வரவேற்பறையில் உட்கார வைத்து, டீ போட்டுக் கொடுத்து, தன் ஃபோனிலிருந்தே ஹோட்டல் ஹோட்டலாகக் கூப்பிட்டார். கார்டிஃபில் ஒரு அறைகூடக் கிடையாது. கடைசியில் பக்கத்து ஊரான நியூபோர்ட்டில் ஒன்று கிடைத்தது. அந்த வாடகையும் டாக்சியும் தனிக் கணக்கு, 438இல் சேரவில்லை. அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

சனிக்கிழமை முழுக்க ஃபோனில் போனது. இணையதளத்தில் முதலில் இயந்திரம் பேசியது, பிறகு மூன்று பேர் மாறி மாறி வந்தார்கள். மூன்று பேரும் அதே ஸ்க்ரீன்ஷாட்டைக் கேட்டார்கள். மூன்று பேரும் சொன்னது ஒன்றுதான்: "கேன்சல் செய்தது விருந்தினர். ஐந்து நாளுக்குள் என்பதால் பாதிதான் திரும்ப வரும்." ஆக அங்கே 155 போயிற்று. இதுவும் வங்கியில் அனுப்பிய 283உம் சேர்ந்ததுதான் அந்த 438. அவர் செய்யச் சொன்னதால்தானே செய்தேன், மெசேஜைப் பாருங்கள் என்றால், அது வாட்ஸப்பில் நடந்த பேச்சு, எங்கள் தளத்தில் நடந்தது அல்ல என்றார்கள். ஒழுகுகிறது என்ற முதல் மெசேஜ் உங்கள் தளத்தில்தானே வந்தது என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. சாயங்காலம் 'உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது' என்று மெயில் வந்தது. அடியிலேயே எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு கேள்வி.

வங்கியில் முக்கால் மணி நேரம் காத்திருந்து ஆள் கிடைத்தார். "பெயர் பொருந்தவில்லை என்று உங்களுக்கு எச்சரிக்கை காட்டினோமே" என்பதுதான் முதல் வாக்கியம். இந்த நாட்டில் 2024 அக்டோபர் 7 முதல் ஒரு விதி இருக்கிறது: ஏமாற்றி வங்கி மூலம் அனுப்ப வைத்த பணத்தை வங்கியே வாடிக்கையாளருக்கு ஈடுகட்ட வேண்டும். அதை நான் எடுத்துச் சொன்ன பிறகுதான் மோசடி என்று பதிவு செய்யவே ஒத்துக்கொண்டார்கள். அதுவரை 'வீட்டுக்காரரோடு உங்களுக்குள்ள தகராறு' என்றுதான் எழுதி வைத்திருந்தார்கள். இப்போதும் 'விசாரணையில் உள்ளது'. கொடுத்தாலும் 100 பவுண்டு வரை கழித்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. 283இல் 100 போனால் கைக்கு வருவது 183. தளத்தில் போன 155க்கு நாதியே இல்லை.

சனிக்கிழமை செயின்ட் ஃபேகன்ஸ் போகவே முடியவில்லை. ஆட்டத்துக்காக ரோடெல்லாம் அடைப்பு, ஸ்டேஷனில் வரிசை. அம்மாவை அந்தக் கூட்டத்தில் இழுத்துக்கொண்டு போக எனக்குத் துணிவில்லை. ஞாயிறு காலையில் தேசிய அருங்காட்சியகத்துக்கு மட்டும் போனோம். நுழைவு இலவசம். டேவிஸ் சகோதரிகள் இரண்டு பேர் தங்கள் குடும்பத்து நிலக்கரிச் சொத்தில் வாங்கிச் சேர்த்து, நாட்டுக்கு எழுதி வைத்த ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் 1874இல் வரைந்த நீல உடைப் பெண்ணுக்கு முன்னால் அம்மா ரொம்ப நேரம் நின்றார். "எங்க அம்மாவோட கல்யாணப் புடவை இந்த நெறம்தான்டி" என்றார். இரண்டு நாளில் அம்மா முகம் தெளிந்தது அப்போது மட்டும்தான்.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், நேரமாகிவிட்டது. அவசரமாகச் சொல்கிறேன். வீட்டுக்காரர் என்ன காரணம் சொன்னாலும் நீங்கள் கேன்சல் செய்யாதீர்கள், அவரையே செய்யச் சொல்லுங்கள். பேச்சைத் தளத்தை விட்டு வெளியே கொண்டுபோகாதீர்கள். பெயர் பொருந்தவில்லை என்று வங்கி சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். கிரெடிட் கார்டு இருந்தால் அதில் கட்டுங்கள். 100 பவுண்டுக்கு மேலான பொருளுக்கும் சேவைக்கும் விற்றவரோடு சேர்த்துக் கார்டு கம்பெனியையும் பொறுப்பாக்குகிற சட்டம் 1974இலிருந்து இருக்கிறது. ஏமாந்தது தெரிந்த நிமிடமே 159க்கு அடியுங்கள், உங்கள் வங்கிக்கே இணைப்புப் போகும். கார்டிஃபுக்குத் தேதி பார்க்கும்போது அந்த வாரம் ஸ்டேடியத்தில் என்ன என்று முதலில் பாருங்கள். நவம்பரிலும் பிப்ரவரி, மார்ச்சிலும் ரக்பி, கோடையில் கச்சேரிகள்.

இதை இன்றைக்கே எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. குழாய் வெடித்து ஒழுகியதாகச் சொன்ன அந்த முதல் ஃப்ளாட்டின் பக்கத்தை மத்தியானம் திறந்து பார்த்தேன். புதிதாக ஒரு விமர்சனம் ஏறியிருக்கிறது. வெள்ளி முதல் ஞாயிறு வரை நண்பர்களோடு தங்கினோம், ஆட்டத்துக்கு நடந்தே போய்விட்டோம், குளியலறை புதுசு மாதிரி இருக்கிறது என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். அதைப் படம் எடுத்து இணையதளத்துக்கும் வங்கிக்கும் அனுப்பியிருக்கிறேன். இரண்டு பேரிடமிருந்தும் இதுவரை பதில் இல்லை. அந்த வீடு இன்னும் வாடகைக்கு இருக்கிறது.