திங்க்பேட் எக்ஸ்220: ஆன் ஆகாதபோது எப்படி?

லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்220 லேப்டாப் வந்தது 2011-இல். 12.5 அங்குலத் திரை, இன்டெல் இரண்டாம் தலைமுறை ப்ராசஸர். இன்றைக்கு இதன் வேகத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர் பார்க்கவேண்டியது வேறு: ஒருநாள் பவர் பட்டனை அழுத்தி ஒன்றும் நடக்கவில்லை என்றால், காரணத்தை வீட்டிலேயே பிடிக்க முடியுமா? அந்த வகையில், பின்னால் வந்த மெல்லிய லேப்டாப்கள் பலவற்றை இது தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

பேட்டரி வெளியே இருப்பது முதல் வசதி. அடாப்டரைப் பிடுங்குங்கள், தாழ்ப்பாளைத் தள்ளிப் பேட்டரியையும் எடுங்கள், பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு அடாப்டரை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். பேட்டரி இல்லாமலே ஓடும். இப்போது ஆன் ஆகி, பேட்டரியை மாட்டியதும் மறுபடி படுத்துக்கொண்டால் கோளாறு பேட்டரியில்தான். ஆரஞ்சு விளக்கு வேகமாக மினுக்குவதும் அதே சேதிதான்.

அசைவே இல்லையென்றால் அடாப்டரைச் சோதிக்கவேண்டும். இதற்கு 20 வோல்ட், 3.25 ஆம்பியர், அதாவது 65 வாட். மல்டிமீட்டர் வைக்கும்போது பலர் ஏமாறுவது இங்கேதான். பின்னின் நடுவில் தெரியும் ஊசியில் 20 வோல்ட் வராது. அது அடாப்டர் எத்தனை வாட் என்று லேப்டாப்புக்குச் சொல்வதற்கு. பிளஸ் இருப்பது குழாயின் உள்சுவரில், மைனஸ் வெளிச்சுவரில். ஊசியில் வைத்துப் பார்த்துவிட்டு நல்ல அடாப்டரைக் குப்பையில் போடாதீர்கள். இன்னொன்று: மீட்டரில் 20 காட்டினாலே அடாப்டர் சரி என்று ஆகிவிடாது. லோடு ஏறியதும் வோல்டேஜ் விழுந்துவிடும் அடாப்டர்கள் உண்டு. வேறொன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் கடைசித் தீர்ப்பு.

ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கருப்பு. இந்த இடத்தில் எக்ஸ்220 தரும் ஒரு சின்ன உதவி அருமையானது. எஃப்என் சாவியோடு பேஜ் அப் சாவியை அழுத்துங்கள். மூடியின் மேல்விளிம்பில் இருக்கும் குட்டி விளக்கு கீபோர்டின்மேல் வெளிச்சம் போட்டால், மின்சாரமும் கீபோர்டைக் கவனிக்கும் சில்லும் உயிரோடு இருக்கின்றன. அடுத்து விஜிஏ என்ற மானிட்டர் இணைப்பு வழியாக வெளி மானிட்டரை மாட்டுங்கள். அதில் படம் வந்தால் கோளாறு லேப்டாப்பின் திரையில் அல்லது திரையின் கேபிளில். அதிலும் வரவில்லையென்றால் ராம் (தற்காலிக நினைவகம்) பக்கம் போகவேண்டும்.

காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். மூன்று சிறு பீப், இடைவெளி, மீண்டும் மூன்று, பிறகு ஒன்று: ராமைத்தான் முதலில் பார்க்கவேண்டும். அடியில் உள்ள சிறு மூடியைத் திறந்தால் இரண்டு ராம் இடங்களும் அங்கேயே. பேட்டரியை எடுத்துவிட்டு, ஒரு ராமை மட்டும் போட்டுப் பாருங்கள். பிறகு இடம் மாற்றி, பிறகு அடுத்த ராமை. ஒரே இடத்தில் இரண்டு ராமும் தோற்றால் பழுது அந்த இடத்தில், மதர்போர்டில். வாங்குவதானால் டிடிஆர்3 அல்லது டிடிஆர்3எல் வகை ராம். டிடிஆர்4-இன் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் உட்காரவே உட்காராது.

திரையில் எண் வந்தால் வேலை பாதி குறைந்த மாதிரி. 0271 என்றால் தேதி, நேரம் கலைந்திருக்கிறது. 0251-உம் பெரும்பாலும் சிமாஸ் செல் (தேதியையும் அமைப்புகளையும் காக்கும் குட்டி பேட்டரி) தீர்ந்ததால்தான். செல் சாதாரண சிஆர்2032தான், ஆனால் இரண்டு வயரும் கனெக்டரும் வைத்து உறை போட்டது. வெறும் செல்லை வாங்கி வந்தால் பயன்படாது. கீபோர்டைக் கழற்றித்தான் அதைத் தொட முடியும். 2100 வந்தால் டிஸ்க் பதில் சொல்லவில்லை. பக்கவாட்டில் ஒரே ஒரு திருகு, இழுத்தால் வந்துவிடும். மறுபடி அழுத்தி மாட்டிப் பாருங்கள். மாற்றுவதானால் 7 மில்லிமீட்டர் தடிமன், 9.5 உள்ளே போகாது.

எரிச்சல் தருவது 1802. வைஃபை கார்டு பயாஸின் (லேப்டாப்பை முதலில் எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அனுமதிப் பட்டியலில் இல்லையென்றால் இந்த எண்ணைக் காட்டிவிட்டு அப்படியே நின்றுவிடும். கார்டும் நல்லது, லேப்டாப்பும் நல்லது, ஆனாலும் ஓடாது. காசு கொடுத்து வாங்கியவனைச் சந்தேகப்படும் இந்த வேலை லெனோவோவுக்குத் தேவையில்லாதது. பேட்டரி விஷயத்தில் எக்ஸ்220 தப்பியது. அடுத்து வந்த எக்ஸ்230-தான் வெளிக்கம்பெனி பேட்டரியைச் சார்ஜ் செய்ய மறுக்கும்.

"ஃபேன் எரர்" என்று எழுதிவிட்டு அணைந்துபோனால் ஃபேன் சுற்றவில்லை. முதலில் தூசியை ஊதிப் பாருங்கள். மாற்றியே ஆகவேண்டும் என்றால் ஏறக்குறைய முழு லேப்டாப்பையும் பிரிக்கவேண்டியிருக்கும், அரைநாள் வேலை.

வாங்கப்போகிறவர்கள் கடையிலேயே செய்யவேண்டிய ஒன்று: ஆன் ஆனதும் எஃப்1 தட்டி பயாஸுக்குள் போங்கள். செக்யூரிட்டி பக்கத்தில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு போட்டிருப்பதாகக் காட்டினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பவர்-ஆன் பாஸ்வேர்டு சிமாஸ் செல்லைக் கழற்றினால் போய்விடும். சூப்பர்வைசர் போகாது, அது தனிச் சில்லில் பதிந்திருக்கிறது. லெனோவோ சொல்லும் ஒரே வழி மதர்போர்டை மாற்றுவது.