கடையில் காட்டியது ஒன்று, பெட்டியில் வந்தது வேறு

சமையலறையைப் புதுப்பிக்கப் போகிறவர்கள் டைல்ஸ் கடைக்குள் நுழையும் முன் இதைப் படித்துவிடுங்கள். டைல்ஸுக்கு நான் கொடுத்தது ஐயாயிரத்துச் சொச்சம்தான். ஆனால் அதைச் சுவரில் ஒட்டிய கூலி, பிறகு பெயர்த்தெடுத்த கூலி, பெயர்க்கும்போது உடைந்த ஸ்விட்ச் பெட்டிகள், கழற்றி மாட்டிய சிம்னி, மறுபடி பூசிய சுவர் எல்லாம் சேர்ந்து முப்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. இந்த வியாபாரத்தில் ஏமாற்றுகிறவர்களுக்கு இருக்கும் வசதியே இதுதான். சரக்கு மலிவு, அதனால் வரும் சேதம் பெரிது. சரக்கின் விலையை மட்டும் நீட்டிவிட்டு, தன் பொறுப்பு தீர்ந்ததென்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடலாம்.

கடை மதுரையில் இருக்கிறது. பெயரைப் போடவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். அது முடியும்வரை பெயரை எழுதாதே என்று வழக்கறிஞரான என் தம்பி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறான்.

எங்களுடையது பழைய வீடு. அடுப்படியில் கடப்பா கல் மேடை. அதற்கு மேல் எண்ணெய்ப் பிசுக்கேறிய பெயின்ட் சுவர். கடப்பாவை எடுத்துவிட்டுக் கருப்பு கிரானைட் போட்டோம். மேடைக்கும் மேல் அலமாரிக்கும் இடைப்பட்ட சுவருக்கு டைல்ஸ் ஒட்டுவதாகத் திட்டம். மேஸ்திரிகள் டாடோ என்று சொல்லும் பகுதி இதுதான். இரண்டு பக்க மேடையும் சேர்ந்து 17 அடி நீளம், உயரம் 2 அடி. ஆக 34 சதுர அடி. வெட்டுச் சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்தாலும் 38 சதுர அடிக்குள் அடங்கிவிடும்.

குளிரூட்டிய காட்சியறை. எங்கள் மேஸ்திரியும் கூடவே வந்திருந்தார். விற்பனைப் பையன் இளம் பால் நிறத்தில், லேசாகச் சாம்பல் வரி ஓடும் 12க்கு 24 அங்குல டைல் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான். மார்க்கர் பேனாவால் அதன்மேல் ஒரு கோடு கிழித்து, ஈரத்துணியால் ஒரே துடைப்பில் அழித்துக் காட்டினான். "இது விட்ரிஃபைட் மேடம். மஞ்சளோ எண்ணெயோ எதுவும் பிடிக்காது" என்றான். சதுர அடி 72 ரூபாய், வரி தனி. சுவருக்கான சாதாரண செராமிக் இதைவிட நன்றாகவே மலிவு. தாளிப்பும் வறுப்புமாக இருக்கும் வீட்டுக்கு உழைக்கட்டும் என்றுதான் இதற்கு ஒப்புக்கொண்டோம்.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பொய் தொடங்குவது இங்கேதான். டைல்ஸுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 15622. டைல் எவ்வளவு தண்ணீரை உறிஞ்சுகிறது என்பதை வைத்து அது வகை பிரிக்கிறது. விட்ரிஃபைட் தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் நீரை இழுக்கக் கூடாது. சுவருக்கான செராமிக் வகை 10 சதவீதத்துக்கு மேல் இழுக்கும். செராமிக் சுவருக்குக் கெட்டது என்று அர்த்தமில்லை. நல்ல மெருகுப் பூச்சு உள்ள செராமிக் பல்லாண்டு உழைக்கும். செராமிக்கை விட்ரிஃபைட் விலைக்கு விற்பதுதான் திருட்டு. கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டியதில்லை. டைலைக் குப்புறப் போட்டு முதுகில் ஒரு கரண்டித் தண்ணீர் விடுங்கள். செராமிக் அதைக் கண்ணெதிரே குடித்துவிடும். விட்ரிஃபைட் மேல் தண்ணீர் அப்படியே நிற்கும். கடையில் இருந்த மாதிரி டைலில் நான் இதைச் செய்திருந்தாலும் பயன் இருந்திருக்காது என்பது வேறு விஷயம். அது உண்மையிலேயே விட்ரிஃபைட்தான். வீட்டுக்கு வந்ததுதான் இல்லை.

பையன் கணக்குப் போட்டு ஆறு பெட்டி என்றான். ஒரு பெட்டியில் 5 டைல், டைலுக்கு 2 சதுர அடி, ஆக மொத்தம் 60 சதுர அடி. 34 சதுர அடிச் சுவருக்கு எதற்கு 60 என்று கேட்டேன். "வரி பொருத்தி ஒட்டணும் என்றால் வெட்டு அதிகம் போகும் அம்மா" என்று பதில் சொன்னவர் எங்கள் மேஸ்திரி. பெட்டிக்கு இவ்வளவு என்று கடைக்காரர்கள் மேஸ்திரிகளுக்குக் கமிஷன் கொடுப்பது ஊரறிந்த சங்கதி. யாரைக் கூட அழைத்துப் போனாலும் அளவை நீங்கள் எடுத்துக்கொண்டு போங்கள்.

இன்னொரு சின்னத் தந்திரமும் உண்டு. 12க்கு 24 அங்குலம் என்று சொல்கிறார்களே தவிர, தொழிற்சாலையில் செய்வது 300க்கு 600 மில்லிமீட்டர். அதன் பரப்பு 2 சதுர அடி அல்ல, 1.94 சதுர அடிதான். 5 டைல் கொண்ட பெட்டியில் உண்மையில் இருப்பது 0.9 சதுர மீட்டர், அதாவது 9.69 சதுர அடி. காசு வாங்குவது 10 சதுர அடிக்கு. ஒரு டாடோவில் இது கண்ணில் படாது. இதே கணக்கில் முழு வீட்டுக்கும் 1,500 சதுர அடி வாங்குகிறவர் 47 சதுர அடிக்குச் சும்மா பணம் கட்டுகிறார்.

அடுத்தது பில். முதலில் கையில் கொடுத்தது எஸ்டிமேட் என்று அச்சடித்த ஒரு துண்டுச்சீட்டு. "பில் போட்டால் 18 சதவீதம் கூடும், எதற்கு வீணாக?" என்றார் கல்லாவில் இருந்த முதலாளி. பில் இல்லாமல் வண்டி கிளம்ப வேண்டாம் என்று நின்று வாங்கினேன். வாங்கி என்ன? "சுவர் டைல்ஸ் 12 x 24, 6 பெட்டி" என்று மட்டும் அதில் இருந்தது. நிறுவனத்தின் பெயர் இல்லை, டிசைன் எண் இல்லை, தரம் இல்லை, விட்ரிஃபைட் என்ற சொல்லே இல்லை. பின்னாளில் முதலாளி பிடித்துக்கொண்டது இந்த வரியைத்தான்: "சுவர் டைல்ஸ் என்றுதானே பில்லில் இருக்கிறது? நாங்கள் விட்ரிஃபைட் என்று எங்கே எழுதினோம்?" உங்கள் பில்லில் நிறுவனம், டிசைன், விட்ரிஃபைட்டா செராமிக்கா, தரம் இந்த நான்கும் எழுதப்பட்டால்தான் பணத்தைக் கொடுங்கள்.

சரக்கு வந்ததும் ஒட்டியதும் நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் நடந்தன. வீட்டில் அத்தை மட்டும் இருந்தார். பெட்டியைப் பிரித்தபோதே, "நிறம் ஒன்றுபோல இல்லையேப்பா" என்று கேட்டிருக்கிறார். "காய்ந்தால் சரியாகிவிடும் அம்மா" என்றாராம் மேஸ்திரி. சூளையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டெடுத்த டைல் இனி எங்கே காய்ந்து எங்கே நிறம் மாறுவது? மாலையில் நான் வந்து பார்த்தபோது சிங்க் பக்கச் சுவர் வெள்ளையாகவும் அடுப்புப் பக்கச் சுவர் மஞ்சள் தட்டியும் நின்றன. கடைக்குத் தொலைபேசியில் சொன்னால், "லைட்டை மாற்றிப் பாருங்கள் மேடம்" என்கிறார்கள்.

சாட்சி எனக்குக் கிடைத்தது கிரானைட் மேடையில். புதுக் கல்லில் கீறல் விழாமலிருக்க மேஸ்திரி டைல்ஸ் பெட்டிகளின் அட்டைகளைப் பிரித்து மேடைமேல் விரித்திருந்தார். துடைப்பதற்காக அவற்றைப் புரட்டினேன். டைல்ஸ் பெட்டியின் பக்கவாட்டில் அளவு, எத்தனை டைல், எத்தனை சதுர மீட்டர், தரம், ஷேடு எண், தொகுதி எண் எல்லாம் அச்சாகியிருக்கும். முதல் தரத்துக்கு பிரீமியம், அடுத்ததற்கு ஸ்டாண்டர்டு, அதற்கும் கீழே கமர்ஷியல். எங்கள் பெட்டிகளில் அந்த இடத்தின்மேல் பழுப்பு நிற டேப் ஒட்டியிருந்தது. உரித்துப் பார்த்தால் ஸ்டாண்டர்டு. வகை என்ற இடத்தில் செராமிக் சுவர் டைல்ஸ் என்று பளிச்சென்று இருந்தது. ஷேடு எண் நான்கு பெட்டிகளில் ஒன்று, இரண்டு பெட்டிகளில் வேறு.

ஷேடு எண் என்பது அலங்காரத்துக்குப் போட்டதல்ல. ஒரே டிசைனை வெவ்வேறு நாளில் சுடும்போது நிறம் இம்மியளவு மாறும். குஜராத்தின் மோர்பியில் நாட்டின் டைல்ஸில் பெரும்பகுதி தயாராகிறது. அங்கிருந்து வெளிவரும் ஒவ்வொரு தொகுதிக்கும் இதனால்தான் தனி எண் போடுகிறார்கள். ஒரே சுவருக்கு இரண்டு எண் கலந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். அடுத்தடுத்த வீடுகளில் மிஞ்சிய சில்லறைப் பெட்டிகளைச் சேர்த்து எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்பது என் ஊகம்.

நிறத்தோடு போயிருந்தால்கூட அத்தை சகித்துக்கொண்டிருப்பார். சாம்பார் கொதித்துத் தெறித்த இடத்தில் மஞ்சள் புள்ளி போகவில்லை. உற்றுப் பார்த்தால் புள்ளியிலிருந்து முடி போன்ற கோடுகள் கிளை பிரிந்து ஓடின. மெருகில் இருந்த கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளுக்குள் மஞ்சள் இறங்கியிருக்கிறது. டைலின் உடலும் மேல்மெருகும் சூட்டில் ஒரே அளவு விரிந்து சுருங்காவிட்டால் இப்படி வெடிக்கும். நீரை இழுக்கும் உடலாக இருந்தால் பின்னாளிலும் வெடிக்கும். மேஸ்திரி சோப்பு போட்டுத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தோம், மஞ்சள் சிவப்பானது. மஞ்சளில் சுண்ணாம்போ சோப்போ பட்டால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கிற எந்த வீட்டுக்கும் தெரியும். அதைச் சோதிக்க எங்கள் சுவர்தானா கிடைத்தது? அடுத்து ஆசிட் என்றார். நான் விடவில்லை. ஆசிட் கறையை எடுக்கிறதோ இல்லையோ, டைல் இணைப்புகளில் இருக்கும் சிமெண்டை அரிக்கும், குழாயின் பளபளப்பையும் கெடுக்கும்.

ஒட்டிய விதம் வேறு கதை. நீரை இழுக்கும் செராமிக்கை ஒட்டுவதற்கு முன் தண்ணீரில் நன்றாக ஊறப் போட வேண்டும். இல்லையென்றால் அது சிமெண்டில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு பிடிமானம் இல்லாமல் நிற்கும். விட்ரிஃபைட் என்றால் ஊறப்போடக் கூடாது, சிமெண்டும் பிடிக்காது, அதற்கென்று உள்ள பசை வேண்டும். எங்கள் மேஸ்திரி ஊறவும் போடவில்லை, பசையும் பூசவில்லை. முதுகில் ஐந்து இடத்தில் சிமெண்ட் உருண்டையை வைத்து அப்பியிருக்கிறார். நாணயத்தால் தட்டினால் பாதி டைல்ஸ் வெறும் டப்பா போல ஒலித்தன. கரண்டி மாட்டும் கம்பிக்காக எலக்ட்ரீஷியன் துளை போட்டபோது ஒரு டைல் இரண்டாகப் பிளந்து விழுந்தது.

மிச்சமிருந்த டைல்ஸில் ஒன்றையும், அட்டைகளையும், ஒரு மார்க்கர் பேனாவையும் எடுத்துக்கொண்டு கணவரோடு கடைக்குப் போனேன். அதே மேசைமேல் வைத்து, அந்தப் பையனிடமே பேனாவைக் கொடுத்துக் கோடு போடச் சொன்னேன். அவன் போடவில்லை. நானே போட்டேன், நானே துடைத்தேன். கோடு போகவில்லை. பக்கத்தில் டைல்ஸ் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் எழுந்து எங்களிடம் வந்து நின்றதும்தான் முதலாளி உள்ளே அழைத்துப் போனார். குரல் தணிந்தது, வாதம் தணியவில்லை. "பதித்த பிறகு புகார் ஏற்கப்படாது என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது அம்மா, படியுங்கள்." உண்மைதான், போட்டிருக்கிறது. பல நிறுவனங்கள் போடுகின்றன. அதனால்தான் சொல்கிறேன்: சரக்கு வந்ததும் எல்லாப் பெட்டிகளையும் பிரித்து, பகல் வெளிச்சத்தில் தரையில் பரப்பிப் பார்க்காமல் ஒரு டைலைக்கூட ஒட்ட விடாதீர்கள். மேஸ்திரிக்கு அரை நாள் வீணாகும், வீணாகட்டும்.

ஆனால் அந்த வரி எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் கொடுக்க மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதிந்தேன். பிறகு மாவட்ட ஆணையத்தில் மனு. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். டேப் ஒட்டிய அட்டைகளை அப்படியே இணைத்திருக்கிறேன். தரத்தை மறைத்து விற்றதற்கும், பதிப்புக் கூலி, பெயர்ப்புக் கூலிக்கும் சேர்த்தே கேட்டிருக்கிறேன். பழைய டைல்ஸுக்கு மட்டும் கேட்டால் அது முதலாளிக்குச் சந்தோஷம்.

ஆணையம் முடிவு சொல்லும்வரை சமையலறையை அப்படியே வைத்திருக்க முடியாது. ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்துவிட்டு, வேறு மேஸ்திரியை வைத்து எல்லாவற்றையும் பெயர்த்தோம். இந்த முறை கோடு, வரி, சொரசொரப்பு எதுவும் இல்லாத வெள்ளைப் பளபளப்பு விட்ரிஃபைட். தாளிக்கிற வீட்டில் மேட் ஃபினிஷ், அதாவது பளபளப்பில்லாத டைல், வேண்டாம் என்பது இப்போது என் உறுதியான கருத்து. கடுகு வெடித்துத் தெறிக்கும் எண்ணெய் அதன் நுண்ணிய பள்ளங்களில் உட்கார்ந்துகொள்ளும். முழு முதுகுக்கும் பசை பூசி ஒட்டினார்கள். இணைப்புகளுக்கு ஒயிட் சிமெண்டுக்குப் பதில் எபாக்ஸி என்ற பிசின் கலவை. விலை கூடுதல், ஆனால் மஞ்சள் இறங்காது.

நோட்டீஸ் போன பிறகு கடையிலிருந்து ஒரு தூது வந்தது. மனுவைத் திரும்பப் பெற்றால் டைல்ஸ் பணத்தை வரி நீங்கலாகத் தருவார்களாம். நல்லெண்ணத்துக்கு அதே டிசைனில் இரண்டு பெட்டி இலவசமாம். வாசலில் பெட்டிகளையும் இறக்கிவிட்டார்கள். டேப்பை உரித்துப் பார்த்தேன். ஸ்டாண்டர்டு. வந்த ஆட்டோவிலேயே ஏற்றி அனுப்பிவிட்டேன்.