கத்திக்குப் பாதி, கல்லுக்குப் பாதி

ஐயாயிரம் ரூபாய்க்குள் ஒரு ஜப்பான் பாணிக் கத்தி வாங்க வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் மொத்தப் பணத்தையும் கத்தியிலேயே போட்டுவிடுகிறார்கள். அதை எப்படித் தீட்டப்போகிறோம் என்ற யோசனையே வருவதில்லை. கொஞ்ச நாள் அருமையாக வெட்டும். அப்புறம் தக்காளித் தோலில் வழுக்கத் தொடங்கும். பழைய கத்தியே மறுபடி கைக்கு வந்துவிடும். என் கட்சி இதுதான்: பணத்தில் பாதியைக் கத்திக்கும் பாதியைச் சாணைக்கல்லுக்கும் ஒதுக்குங்கள். சுமாரான கத்தியும் நல்ல கல்லும் இருக்கிற வீட்டில் வருஷம் முழுக்கக் கூர் இருக்கும். உசத்தியான கத்தி மட்டும் இருக்கிற வீட்டில் அது சில மாதங்களுக்குத்தான்.

ஜப்பான் பாணி என்பது வடிவம் மட்டும் அல்ல. வழக்கமான ஐரோப்பியக் கத்தியின் எஃகு, கெட்டித்தனத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 56ஐ ஒட்டி இருக்கும்; ஒரு பக்கத்துக்கு 20 டிகிரி போலத் தீட்டியிருப்பார்கள். ஜப்பான் கத்தி 58இல் தொடங்கி 62 வரைகூடப் போகும். கோணம் 15 டிகிரி, சிலவற்றில் அதற்கும் கீழே. எஃகு கெட்டியாக இருப்பதால்தான் அவ்வளவு மெல்லிய விளிம்பு மடங்காமல் நிற்கிறது. அதே கெட்டித்தனத்தால்தான், கண்ட வேலைக்கும் விட்டால் வளையாமல் விளிம்பு சில்லாகப் பெயர்ந்து பல் விழுந்துவிடுகிறது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் கடையில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

விலை குறைந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். தாய்லாந்தின் கிவி கத்தி சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். எஃகு மென்மையானது, கூர் அதிக நாள் நிற்காது. ஆனால் தகடு அவ்வளவு மெலிசு. மெலிசு ஏன் முக்கியம் என்பதை பர்மா நூடுல்ஸான அத்தோவுக்குக் கோஸ் நறுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். அரைக் கோஸைப் பலகையில் கவிழ்த்து வைத்து, தடித்த கத்தியை இறக்குங்கள். கூர் நன்றாக இருந்தாலும் பாதி வழியில் 'கரக்' என்று விரிசல் ஓடும். கத்தியின் தடிமன் இலைகளைப் பிளந்துகொண்டு இறங்குவதால், விழுவது நூல் நூலாக இல்லாமல் பட்டை பட்டையாக இருக்கும். மெல்லிய கத்தி சத்தமே இல்லாமல் கீழே போகும். நறுக்கின கோஸ் ஒட்டடை மாதிரி பஞ்சாகக் குவியும். இந்த ஒரு விஷயத்தில் சில நூறு ரூபாய்க் கத்தி பல ஆயிரம் ரூபாய் ஐரோப்பியக் கத்தியைத் தோற்கடித்துவிடும். கூரை மட்டும் பார்த்துக் கத்தியை எடை போடக் கூடாது. கூருக்குப் பின்னால் எவ்வளவு சதை இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அடுத்து, 1908இல் ஜப்பானின் செகி நகரத்தில் தொடங்கிய 'கை' நிறுவனம். ராஜஸ்தானின் நீம்ரானாவில் இவர்களுக்கு ஆலை இருக்கிறது. இந்தியச் சந்தைக்கென்றே குறைந்த விலையில் கத்திகளை விற்கிறார்கள். இவர்களின் உயர் ரகக் கத்திகளோடு ஒப்பிடக் கூடாது, அது வேறு உலகம். ஆனால் சாண்டோக்கு வடிவம் (காய், கறி, மீன் எல்லாவற்றுக்கும் ஆகும் ஜப்பான் வீட்டுக் கத்தி), ஓரளவு மெல்லிய தகடு, நம்பகமான ஸ்டெயின்லெஸ் எஃகு எல்லாம் கட்டுப்படியாகிற விலையில் சேர்ந்து வருகின்றன. தீட்டக் கற்றுக்கொள்ள இதைவிடப் பொருத்தமான கத்தி இந்த விலையில் கிடைப்பது கஷ்டம்.

சுவிட்சர்லாந்தின் விக்டரினாக்ஸ் நல்ல கத்தி, அதில் மறுபேச்சு இல்லை. கைப்பிடி வழுக்காது, எஃகு முரடான கையையும் தாங்கும். கறி வெட்ட, கூட்டுக் குடும்பத்தில் நாலு பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்த, நான் அதைத்தான் சொல்வேன். அதிலும் 17 சென்டிமீட்டர் சாண்டோக்கு வருகிறது. ஆனால் அது ஜப்பான் உருவத்தில் உள்ள ஐரோப்பியக் கத்தி. ஐயாயிரத்தில் அதை வாங்கினால் கல்லுக்கு மிஞ்சுவதும் குறைவு.

அசல் ஜப்பான் கத்திகளில் முதல் படி என்றால் தோஜிரோ டிபி வரிசை. நீகாட்டா மாகாணத்தின் ட்சுபாமே நகரத்தில் தயாராவது. நடுவில் விஜி-10 எஃகு, இரு பக்கமும் மென்மையான ஸ்டெயின்லெஸ் உறை. விஜி-10இல் கார்பன் ஏறக்குறைய 1 சதவீதம், குரோமியம் 15 சதவீதம். கெட்டித்தனம் 60ஐ ஒட்டி. கையில் எடுத்து ஒரு வெங்காயம் நறுக்கினாலே வித்தியாசம் தெரியும். வரி, சுங்கம் எல்லாம் ஏறி இங்கே வந்து சேரும்போது நம் பட்ஜெட்டைத் தாண்டிவிடும். இரண்டாவது கத்தியாக இதை வாங்குங்கள், முதல் கத்தியாக வேண்டாம். கல்லில் கோணம் பிடிக்கக் கை பழகும் வரை கத்திக்குக் கீறல் விழத்தான் செய்யும்.

கார்பன் எஃகுக் கத்திகளைப் பற்றி ஆசையாகப் பேசுகிறவர்கள் நிறைய. ஷிரோகாமி, ஆவோகாமி என்று ஜப்பான் எஃகுகளின் பெயர் சொல்வார்கள். கல்லில் வைத்தால் சட்டென்று கூர் ஏறும் என்பது உண்மைதான். ஆனால் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டியே வாழ்கிறோம். உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே உரிந்து விழுகிறது. ஈரத்தோடு சிங்க்கில் விட்டுவிட்டுப் போன கார்பன் கத்தியில் திரும்பி வருவதற்குள் செம்புள்ளி நிற்கும். போதாக்குறைக்கு வாழைக்காயின் கறையும் மாங்காய்ப் புளிப்பும் பட்ட இடத்தில் கத்தி கறுக்கும், காயும் கறுக்கும். ஒவ்வொரு முறையும் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி வைக்கும் பொறுமை இருந்தால் சரி. அலுவலகம் கிளம்பும் அவசரத்தில் சமைக்கிற வீட்டுக்கு ஸ்டெயின்லெஸ்தான்.

இணையத்தில் ஆயிரம் ரூபாய்க்கு அலை அலையாகக் கோடு ஓடும் 'டமாஸ்கஸ்' கத்திகள் வருகின்றன. அந்தக் கோடு பெரும்பாலும் லேசரில் பொறித்தது, தேய்த்தால் மங்கும். டமாஸ்கஸ் வாளுக்குப் பெயர் வாங்கித் தந்ததே தென்னிந்தியாவிலிருந்து போன உருக்குதான், அந்தப் பெயரை இப்படிப் படம் போட்டு விற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. எஃகின் பெயர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 3சிஆர்13 என்றால் கார்பன் 0.3 சதவீதம் போலத்தான், கூர் நிற்காது. 5சிஆர்15 என்றால் ஐரோப்பியக் கத்திகளுக்குச் சமமானது, பரவாயில்லை. பெயரே இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

வடிவத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். நம் சமையலுக்கு 165 முதல் 180 மில்லிமீட்டர் சாண்டோக்கு போதும். காய்கறி மட்டுமே என்றால் நேர் விளிம்புள்ள நாகிரி. கியூட்டோ என்கிற நீளமான கத்தி 210 மில்லிமீட்டர் இருக்கும், அதைச் சுழற்ற இடம் வேண்டும். ஹவுசிங் போர்டு சமையலறை மேடையில் அடுப்பும் குடமும் போக மிச்சமிருக்கிற இடத்தில் அது இடிக்கும்.

மீனுக்கென்று தடித்த தேபா கத்தி வாங்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். காசிமேட்டில் மீன் வெட்டித் தருகிற அக்காக்களின் அருவாமனைக்கு முன்னால் அது எதுவும் இல்லை. செதில், துடுப்பு, தலை எல்லாம் அங்கேயே முடிந்துவிடுகிறது. என் கத்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அப்படி ஓர் அக்கா சொன்னதுதான் சரியான அறிவுரை: "அந்த மெல்லிசு கத்தில முள்ள வெட்டாத கண்ணு, பல்லு பூடும்." முள், எலும்பு, தேங்காய், ஆவக்காய்க்கு வெட்டும் கொட்டை மாங்காய், உறைந்த கறி, எதற்கும் ஜப்பான் கத்தி கூடாது. அதற்கெல்லாம் வீட்டு அருவாமனையே இருக்கட்டும். எவர்சில்வர் தட்டிலும் கிரானைட் மேடையிலும் வைத்து நறுக்கக் கூடாது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வேப்பமரப் பலகை ஒன்று போதும்.

சரி, இனி கல். உண்மையான போட்டி இங்கேதான்.

தெருவில் சைக்கிளில் வரும் சாணைக்காரர் அருவாமனைக்கும் கத்தரிக்கோலுக்கும் கறிக்கடைக் கத்திக்கும் கில்லாடி. ஆனால் அவருடைய சக்கரம் தண்ணீர் இல்லாமல் சுற்றுவது. மெல்லிய விளிம்பு அதில் பட்டால் கண் மூடித் திறப்பதற்குள் சூடேறிவிடும். கார்பன் எஃகில் நீலம் பாய்ந்தால் அந்த இடம் 300 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போயிருக்கிறது என்று அர்த்தம். பதம் போய்விட்டது, இனி அங்கே கூர் நிற்காது. கோணமும் அகலமாகிவிடும். இது அவர் தொழிலில் உள்ள குறை அல்ல, அந்தச் சக்கரம் வேறு கத்திகளுக்கானது. வீட்டு அருவாமனையை அவரிடமே கொடுங்கள்.

இழுத்துத் தீட்டும் பிளாஸ்டிக் சாதனத்தில் இரண்டு உலோகப் பட்டைகள் குறுக்காக நிற்கும். அது எஃகைத் தீட்டுவதில்லை, சுரண்டுகிறது. கெட்டியான விளிம்பில் சின்னச் சின்னதாகப் பல் விழும். வேண்டாம்.

தச்சர்கள் வைத்திருக்கும் இரட்டை முக எண்ணெய்க் கல் பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். சாணைப் பொருள்கள் செய்வதில் பெயர் பெற்ற கார்போரண்டம் யுனிவர்சல் 1954இல் தொடங்கிய நிறுவனம். அதன் ஆலை நம் திருவொற்றியூரில்தான் இருக்கிறது. ஆனால் இந்த வகைக் கல்லின் நைஸ் பக்கமே ஜப்பான் கத்திக்குச் சொரசொரப்பு. பல் விழுந்த விளிம்பைச் சரிசெய்ய வைத்துக்கொள்ளலாம், அன்றாடம் தீட்ட அல்ல.

கல் வாங்கப் பணம் தோதில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. வண்டிக்குப் பெயின்ட் அடிக்கிறவர்கள் பயன்படுத்தும் வாட்டர் பேப்பர், 1000 கிரிட் ஒன்று, 2000 கிரிட் ஒன்று (கிரிட் எண் கூடக் கூடச் சொரசொரப்பு குறையும்). தண்ணீரில் நனைத்துக் கண்ணாடித் துண்டின்மேல் ஒட்டவைத்து, கத்தியைப் பின்பக்கமாக மட்டுமே இழுக்க வேண்டும். முன்னால் தள்ளினால் பேப்பர் கிழியும். பழகிப் பார்க்க இது தாராளம்.

வைரத் தகடு வேகமாக வேலை செய்யும், குழி விழாது, ஊறவைக்க வேண்டாம். மலிவானவற்றில் வைரத் துகள் சீராக இருக்காது. ஆழமான கீறல் விழும். அதனால் என் தேர்வு தண்ணீரில் நனைத்துத் தீட்டும் நீர்க்கல். கிங் 1000/6000 இரட்டைக் கல் பலரும் ஆரம்பிப்பது. பத்து நிமிடம் தண்ணீரில் ஊற வேண்டும், சீக்கிரம் குழி விழும். ஆனால் மென்மையான கல் என்பதால் கத்தி சரியாகப் படுகிறதா என்று கைக்கே தெரியும். ஷாப்டன் குரோமாகு 1000 தண்ணீர் தெளித்தாலே போதும், நீண்ட நாள் தட்டையாக நிற்கும், விலை கூட. ஒரு கத்தி, ஒரு கல் என்று தொடங்குகிறவருக்கு கிங்.

தீட்டும்போது முதுகுப் பக்கம் கல்லிலிருந்து எவ்வளவு உயர வேண்டும்? 45 மில்லிமீட்டர் அகலக் கத்திக்கு 15 டிகிரி என்றால் 12 மில்லிமீட்டரை ஒட்டி, அதாவது அடியில் சுண்டுவிரல் நுனி நுழையும் அளவு. குறைந்த விலைக் கத்தியை 17, 18 டிகிரியில் நிறுத்துவது நல்லது. விளிம்பில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு நாலைந்து முறை தேய்த்துப் பாருங்கள். மை விளிம்பு வரை அழிந்திருந்தால் கோணம் சரி. மேலே மட்டும் அழிந்திருந்தால் கத்தியைக் கொஞ்சம் தூக்க வேண்டும். கல்லில் சேரும் கறுத்த சேற்றைக் கழுவிவிடாதீர்கள், அதுவும் வேலை செய்கிறது.

ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்கத்தில் பிசிறு எழும். கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலை முதுகிலிருந்து விளிம்பைத் தாண்டி வெளியே வருமாறு மெல்ல வருடினால் சொரசொரவென்று தட்டுப்படும். அடியிலிருந்து முனை வரை அது வந்தால்தான் கத்தியைத் திருப்ப வேண்டும். அதற்கு முன் திருப்பினால் எவ்வளவு நேரம் தேய்த்தாலும் கூர் வராது. மறுபக்கமும் பிசிறு எழுந்ததும் கையின் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, இரு பக்கமும் மாற்றி மாற்றி, கடைசியில் கத்தியின் எடை மட்டுமே கல்லில் படுமாறு தேய்க்க வேண்டும். அப்புறம் பழைய தோல் பெல்ட்டிலோ மடித்த செய்தித்தாளிலோ பின்பக்கமாக இழுத்தால் மிச்சப் பிசிறும் போய்விடும்.

கல்லில் குழி விழுந்தால் பென்சிலால் கட்டம் போட்டு, 220 வாட்டர் பேப்பரை கிரானைட் மேடையில் நனைத்து விரித்து, கோடு முழுக்க அழியும் வரை தேய்த்துவிடுங்கள். கிங் கல்லின் 6000 பக்கத்தை எப்போதும் தொட வேண்டும் என்றும் இல்லை. தக்காளிக்கும் கத்தரிக்காய்க்கும் 1000இல் நிறுத்திய கூர்தான் தோலைச் சட்டென்று பிடிக்கும். எலும்பில்லாத கோழிக்கறியை மெலிசாகச் சீவ வேண்டும் என்கிற நாளில் 6000 போகலாம்.