குறைந்த விலை மெக்கர்: பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பி வாங்காதீர்கள்

மெக்கர் என்பது வயர், மோட்டார் ஆகியவற்றின் இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸை அளக்கும் கருவி. வீட்டு வயரிங், 415 வோல்ட் மோட்டார் இரண்டுக்கும் 500 வோல்ட் டிசி மெக்கரே போதும். 230 வோல்ட் வயரிங்கில் ஐஇசி 60364 என்ற சர்வதேசத் தரவிதி கேட்பது குறைந்தது 1 மெகா ஓம் இன்சுலேஷன். அப்படியிருக்க, பெட்டியில் 2000 மெகா ஓம், 20 கிகா ஓம் வரை அளக்கும் என்று பெரிதாகப் போட்டிருப்பதால் நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஈரம் ஏறிய ஜாயின்ட்டில் லீக்கேஜ் (இன்சுலேஷன் வழியே கசியும் கரண்ட்) ஓடும்போதும் கருவி 500 வோல்ட்டை விடாமல் பிடித்து நிற்கிறதா என்பதுதான் கேள்வி. மலிவுக் கருவிகள் சறுக்குவது இங்கேதான். வோல்டேஜ் இறங்கிவிட்டால் கெட்ட கேபிளும் நல்ல கேபிள் மாதிரி ரீடிங் காட்டும்.

ஐஇசி 61557-2 விதிப்படி 1 மில்லி ஆம்பியர் எடுத்தாலும் குறித்த வோல்டேஜ் குறையக் கூடாது. இதைக் கடையிலேயே சோதிக்கலாம். 100 கிலோ ஓம், கால் வாட் ரெசிஸ்டர் ஐந்தை வரிசையாகச் சால்டர் செய்து கொண்டுபோங்கள். மொத்தம் 0.5 மெகா ஓம், 500 வோல்ட்டில் சரியாக 1 மில்லி ஆம்பியர் எடுக்கும். ஒரே ரெசிஸ்டராகப் போடாதீர்கள். சாதாரணக் கால் வாட் ரெசிஸ்டர் 250 வோல்ட் அளவுக்குத்தான் தாங்கும். இரண்டு முனையிலும் மெக்கர் கிளிப், அதே முனைகளில் 1000 வோல்ட் டிசி ரேஞ்சில் மல்டிமீட்டர். பட்டனை அழுத்தினால் மல்டிமீட்டர் 500-ஐ ஒட்டி நிற்க வேண்டும். 400-க்கு இறங்கினால் அந்தக் கருவி வேண்டாம். மெக்கரில் 0.5 மெகா ஓமுக்குப் பதில் 0.48 வந்தால் அது பழுதில்லை. மல்டிமீட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ் 10 மெகா ஓமும் இணையாகச் சேர்வதால் வருவது.

கையால் சுற்றும் மெக்கருக்கு பேட்டரிச் செலவு இல்லை. பம்ப்செட் மட்டும் பார்ப்பவர்களுக்கு இன்றும் நல்ல கருவி. ஆனால் நிமிடத்துக்கு 160 சுற்று என்ற வேகத்தில் சீராகச் சுற்ற வேண்டும், புரோப் பிடிக்க இன்னொரு ஆளும் வேண்டும். பெரும்பாலும் ஒரே வோல்டேஜ்தான்.

வயரிங் வேலைக்கு டிஜிட்டலே சரி. விக்டர் விசி60பி+ கருவியில் 250, 500, 1000 வோல்ட் இருக்கிறது. யுனி-டி யுடி501ஏ கருவியில் கூடவே 100 வோல்ட்டும் உண்டு. 250 வோல்ட்டை வீண் என்று நினைக்காதீர்கள். டிபியில் (டிஸ்ட்ரிபியூஷன் போர்டு) சர்ஜ் புரொடெக்டரை (திடீர் அதிக வோல்டேஜைத் தடுக்கும் பாகம்) கழற்ற வழியில்லாத இடத்தில் 250 வோல்ட்டில்தான் சோதிக்க வேண்டும், அப்போதும் 1 மெகா ஓம் வர வேண்டும். 2500 வோல்ட் மாடலுக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. அதைவிட, லைனில் கரண்ட் இருந்தால் எச்சரிப்பதும், சோதனை முடிந்ததும் கேபிளைத் தானாக டிஸ்சார்ஜ் செய்வதும் இருக்கிறதா என்று பாருங்கள். இவை இல்லாமல் வாங்கவே கூடாது. அல்கலைன் பேட்டரி போடுங்கள். பேட்டரி தளர்ந்தாலும் முதலில் விழுவது லோடில் உள்ள வோல்டேஜ்தான்.

நல்ல கருவியும் தப்பாகக் காட்டுவது பெரும்பாலும் இணைப்பால்தான். மெயினை ஆஃப் செய்து, நியூட்ரலையும் பிரித்து, பல்பு, எல்இடி டிரைவர், எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகச் சேர்த்து எர்த்துக்கு எதிராக மெக்கரால் சோதியுங்கள். மோட்டாரில் ஸ்டார்ட்டர், கெபாசிட்டர் வயர்களை எடுத்துவிட்டு 1 நிமிடம் முழுக்க அழுத்திப் பிடித்தே ரீடிங்கைக் குறியுங்கள். புரோப்பின் உலோகத்தில் விரல் பட்டால் உங்கள் உடம்பின் ரெசிஸ்டன்ஸும் கணக்கில் சேரும், ஷாக்கும் அடிக்கும்.