பழைய பிளாட்டில் ஒழுகலா? 38,500 ரூபாயை நான் தொலைத்த கதையைப் படித்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்

நேற்று மாலைதான் விஷயம் உறுதியானது. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. மழை ஆரம்பித்துவிட்டது, இன்னும் எத்தனை பேர் இதே ஆட்களைக் கூப்பிடப் போகிறார்களோ என்றுதான் காலையில் முதல் வேலையாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு மேற்கு மாம்பலத்தில், 1991-இல் கட்டிய பிளாட். மூன்று மாடி, நாங்கள் இரண்டாவது. நானும் அம்மாவும்தான். ஜூலையில் பாத்ரூம் சீலிங் ஓரத்தில் ஓதம் தெரிந்தது. பத்து நாளில் பெயிண்ட் உப்பி, வெள்ளையாக உப்பு பூத்து, சொட்ட ஆரம்பித்துவிட்டது. அம்மாவுக்கு 74 வயது. ஈரத்தில் வழுக்கி விழுந்துவிடுவாரோ என்று ஆபீஸில் உட்கார்ந்தாலும் எனக்கு அதே நினைப்பு. மேல் வீட்டு மாமியிடம் சொன்னேன். "எங்காத்துல ஒரு சொட்டுகூட எங்கேயும் நிக்கலையேம்மா" என்றார்.

ஐப்பசி மழைக்கு முன்னால் சரிசெய்துவிட வேண்டும் என்ற அவசரம். வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் ஆப் ஒன்றில் 'லீக்கேஜ் எக்ஸ்பர்ட்' என்று போட்டிருந்ததைப் பார்த்து 499 ரூபாய் கட்டி புக் செய்தேன்.

வந்தவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நான் ஏமாந்தது அங்கேதான். செருப்பை வாசலிலேயே விட்டார். பையிலிருந்து பழைய பேப்பரை எடுத்து பாத்ரூம் வாசலில் விரித்து, அதன்மேல் கருவிகளை வைத்தார். "அம்மா, நீங்க இந்தப் பக்கம் வராதீங்க, வழுக்கும்" என்று எங்கம்மாவிடம் சொன்னார். நான் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை அது. அந்த நிமிஷமே பாதி நம்பிவிட்டேன். பிறகு கையடக்கமாக ஒரு மீட்டரை எடுத்து சீலிங்கில் வைத்தார். கீச்சென்று கத்தியது, சிவப்பில் ஒரு எண் வந்தது. "பாருங்க மேடம், ஸ்லாப் முழுக்க ஊறிப்போச்சு. மேல் வீட்டு பாத்ரூம் டைல்ஸ் ஜாயிண்ட்டுதான் காரணம். ஆனா அவங்க தரையை உடைக்க வேண்டாம், கீழிருந்தே கெமிக்கல் ஏத்திடலாம், 10 வருஷம் கேரண்டி" என்றார்.

மாமியோடு சண்டை வேண்டாம், உடைப்பு வேண்டாம். எனக்கு வேறென்ன வேண்டும்? 38,500 ரூபாய் சொன்னார். ஆப் வழியாகக் கட்டினால் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும், என் நம்பருக்கே ஜிபே பண்ணிடுங்க என்றார். பண்ணினேன். 20,000 முன்பணம், வேலை முடிந்ததும் 18,500.

சீலிங்கில் 22 ஓட்டை போட்டு, ஒவ்வொன்றிலும் நாசில் செருகி, பம்ப் வைத்து ஏற்றினார்கள். சொட்டு நின்றது. மூன்றே வாரம். அப்புறம் மூன்றடி தள்ளி, ஹால் பக்கச் சுவரில், சுவிட்ச் பாக்ஸுக்குப் பக்கத்தில் ஈரம் இறங்கியது. பாத்ரூமில் சொட்டினால் வாளி வைக்கலாம். சுவிட்ச் பாக்ஸில் என்ன வைப்பது?

போன் செய்தால் முதலில் "சைட்ல இருக்கேன் மேடம்". அப்புறம் "மழை முடியட்டும், காஞ்சாதான் பார்க்க முடியும்". அப்புறம் எடுக்கவே இல்லை. ஆப்பில் புகார் செய்தேன். அவர்கள் கணக்குக்கு வந்தது 499 ரூபாய் மட்டும்தானாம், மீதி எனக்கும் அந்த ஆளுக்கும் இடையில் நடந்ததாம். நான்கு முறை பேசினேன், நான்கு பேரும் ஒரே வரியை ஒப்பித்தார்கள். கேரண்டி கார்டில் கட்டடத்தின் பெயரும் தேதியும் இருக்கிறது, கம்பெனி முகவரி இல்லை. 38,500 ரூபாய் வாங்கியதற்கு பில் கிடையாது.

நேற்று எங்கள் பிளாட்டுக்கு இருபது வருஷமாக வரும் பிளம்பர் அண்ணனைக் கூப்பிட்டேன். சீலிங்கை அவர் தொடக்கூட இல்லை. முதலில் கேட்டது இதுதான்: "ஏம்மா, மேல் வீட்டுக்காரங்க ஊருக்குப் போயிருந்தப்போ சொட்டுச்சா?" மாமி ஆகஸ்டில் பத்து நாள் பெங்களூரு போயிருந்தார். அப்போதும் விடாமல் சொட்டியது. யாரும் குளிக்காத பாத்ரூமில் டைல்ஸ் வழியாக எப்படித் தண்ணீர் இறங்கும்? மழைக்காலமும் இல்லை. அப்படியானால் எந்நேரமும் தண்ணீர் நிற்கும் லைன்தான் என்றார்.

மொட்டை மாடிக்குப் போய் டேங்கிலிருந்து இறங்கும் அந்த லைனின் கேட் வால்வை மூடினார். காலை பத்தரைக்கு மூடியது, மதியம் சொட்டு குறைந்து சாயங்காலம் நின்றது. மாமி வீட்டு பாத்ரூம் சுவரில் ஒரே இடத்தில் கொத்தினார். உள்ளே பழைய ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), அது வளையும் எல்போ முழுக்கத் துரு. ஸ்க்ரூ டிரைவரால் லேசாகத் தட்டியதும் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. அந்தத் துண்டை மாற்றி, சுவரைப் பூசி, எல்லாம் சேர்த்து 4,600 ரூபாய். மாமி பாதி கொடுத்தார். அவர் வீட்டு டைல்ஸ்தான் காரணம் என்று அவரிடம் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன், அது வேறு மனதை அறுக்கிறது.

அந்த மீட்டர் பொய் சொல்லவில்லை. ஈரம் இருக்கிறது என்று காட்டும், எங்கிருந்து வருகிறது என்று காட்டாது. உப்பு பூத்த சுவரில் எண் இன்னும் அதிகமாகவே காட்டும். கிரவுட்டிங்கும், அதாவது இப்படி ஓட்டை போட்டு கெமிக்கல் ஏற்றுவதும், தப்பான வேலை இல்லை, சம்ப், லிஃப்ட் குழி விரிசலுக்கெல்லாம் செய்கிறார்கள். ஆனால் மேலே பைப் ஊற்றிக்கொண்டிருக்கும்போது கீழே அடைத்தால் தண்ணீர் பக்கத்து வழியைத் தேடும். அதோடு ஸ்லாபுக்குள் தேங்கி கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துருவேறிய கம்பி பருத்து கான்கிரீட்டைப் பெயர்க்கும். 30 வயது தாண்டிய கட்டடத்தில் இதை ஒருவர் தெரிந்தே செய்தார் என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான். எந்நேரமும் சொட்டினால் தண்ணீர் லைன், குளித்தால் மட்டும் சொட்டினால் தரை அல்லது கழிவுநீர் பைப், மழையில் மட்டும் என்றால் மொட்டை மாடி அல்லது வெளிச்சுவர். தரை மேல்தான் சந்தேகம் என்றால் நானி ட்ராப்பை (பாத்ரூம் தரையில் தண்ணீர் வெளியேறும் வாயை) அடைத்து ஒரு நாள் தண்ணீர் தேக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வால்வை மூடிப் பார்க்காதவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். தனி நம்பருக்குப் பணம் கேட்டால் அங்கேயே அனுப்பிவிடுங்கள். பில் வாங்குங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன், ஜிபே ரசீதுகளை எடுத்து வைத்திருக்கிறேன். கொத்தனார் வந்துவிட்டார், அந்த 22 ஓட்டையை அடைக்க. அதற்குத் தனியாக 3,000 கேட்கிறார்.