உணர்ச்சிவாரியாக வசனங்கள்: ஒரு கையேட்டோடு சில மாதங்கள்

பயம், கோபம், துக்கம், தனிமை என்று உணர்ச்சிவாரியாக பைபிள் வசனங்களைத் தொகுத்த சின்னக் கையேடு இது, அப்பாவை இழந்த பிறகு தூக்கம் வராத ராத்திரிகளில் இதைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். கோபத்துக்கு எபேசியர் 4:26. கோபமே படாதே என்று சொல்லாமல், பொழுது சாய்வதற்குள் அது தணியட்டும் என்கிற வசனம், நன்றாக உதவியது. ஆனால் துக்கம் பகுதிதான் அருமை: இறந்துபோன நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் யோவான் 11-ல் இயேசு அழுகிறார், அந்த ஒரு வரியைப் படித்த அன்றுதான் நானும் அடக்கிக்கொள்ளாமல் அழுதேன்.

மனச்சோர்வுப் பகுதி ஏமாற்றம். 'கவலைப்படாதீர்கள்' என்ற பிலிப்பியர் 4:6-ஐ மட்டும் தனியாகப் போட்டிருக்கிறார்கள், நொறுங்கிக் கிடப்பவருக்கு அது அதட்டல் மாதிரிப் படும். இருளிலேயே முடிகிற பைபிள் பாடலான 88-ம் சங்கீதம் எங்கே? சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்கு தேவதூதன் உபதேசம் செய்யவில்லை, அப்பமும் தண்ணீரும் கொடுத்து மறுபடி தூங்கவிட்டான் (1 இராஜாக்கள் 19), அதைச் சேர்க்காதது பெரிய குறை. அப்புறம், சோர்வு நீடித்தால் டாக்டரையும் பாருங்கள். சரி, வாங்கலாமா? வாங்கலாம், பக்கத்தில் முழு பைபிளையும் வைத்துக்கொண்டு, வசனத்துக்கு முன்னும் பின்னும் சேர்த்துப் படியுங்கள்.