அம்பாப் பாட்டைக் கணினியில் ஏற்ற: மியூஸ்ஸ்கோரா, லிலிபாண்டா?

தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுக்கிறவர்கள் பாடும் அம்பாவை மேற்கத்திய இசைக்குறியீட்டில் எழுதிவைக்க நாங்கள் நான்கு பேர் இறங்கினோம். பாட்டில் சண்டை வரவில்லை, மென்பொருளில் வந்தது. காசு கொடுத்து வாங்கும் பேச்சை, இசைக்குறியீடு எழுதும் ஃபினாலேயின் கதை முடித்துவைத்தது. 1988இல் வந்த அந்த மென்பொருளின் வளர்ச்சியை 2024 ஆகஸ்டில் நிறுவனமே நிறுத்திக்கொண்டது. எங்கள் முன் நின்றவை மியூஸ்ஸ்கோர், லிலிபாண்ட் என்ற இரண்டு கட்டற்ற மென்பொருள்கள், அதாவது யாரும் பயன்படுத்தவும் நிரலைத் திருத்தவும் உரிமையுள்ளவை.

மியூஸ்ஸ்கோரை 2002இல் வெர்னர் ஷ்வேர் என்பவர், மியூஸ் என்ற இன்னொரு மென்பொருளிலிருந்து பிரித்து வளர்த்தெடுத்தார். கோட்டின் மேல் சுட்டியை வைத்தால் சுரம் விழும். உடனே வாசித்தும் காட்டும். இந்த ஒன்றுக்காகவே அதன் மேல் எனக்கு மரியாதை. நாங்கள் எழுதியதை ஒலிக்கவிட்டபோது, கோடும் புள்ளியும் அறியாத சம்மாட்டி (வலைக்குச் சொந்தக்காரர்) ஒருவர், “தம்பி, இழுக்கிற இடத்தில் மூச்சு விடவில்லையே” என்றார். இரண்டு நாள் கண்ணால் தேடியும் சிக்காத பிழை அது.

லிலிபாண்டில் சுரத்தை வரைய முடியாது. எழுத்தாகத் தட்டச்சு செய்தால் நிரல் அதை அச்சுத்தாளாக்கும். கையால் செதுக்கி அச்சிட்ட பழைய இசைத்தாள்களின் அழகுக்கு ஆசைப்பட்டு நெதர்லாந்துக்காரர்கள் இருவர் 1996இல் தொடங்கியது. சுருள் அடைப்புக்குறி ஒன்றை மூட மறந்தால் பிழைச்செய்தி வேறெங்கோ விரல் நீட்டும். அதில் ஒரு நாள் பாதி போனது, மறந்தவன் நான்தான்.

ஆனாலும் நாங்கள் பதிவுசெய்த அம்பா நான்கு நான்காக எண்ணி வரவில்லை. வலையின் கனம்தான் அதற்குத் தாளம். மியூஸ்ஸ்கோரில் ஒவ்வொரு கட்டத்தின் (தாளக் கணக்குப்படி பிரித்த பகுதியின்) நீளத்தையும் தனித்தனியே மாற்றி, கட்டங்களைப் பிரிக்கும் கட்டக்கோட்டை மறைக்க வேண்டும். லிலிபாண்டில் ‘கடென்ஸாஆன்’ என்ற ஒரு கட்டளை போதும். கோடு தானாக விழாது. வேண்டிய இடத்தில் நாமே போட்டுக்கொள்ளலாம்.

ஆளுக்கொரு ஊரில் இருந்து வேலை செய்யும்போது வித்தியாசம் இன்னும் பெரிது. லிலிபாண்ட் கோப்பு வெறும் எழுத்து. கீழக்கரையில் இருப்பவர் ஒரு வரியைத் திருத்தி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாம்பனில் இருப்பவர் ஒட்டிக்கொள்வார். கோப்பின் மாற்றங்களைக் குறித்துவைக்கும் கிட் (Git) என்ற மென்பொருளில் வைத்தால் எந்தச் சுரம் மாறியது என்று வரிக்கு வரி தெரியும். மியூஸ்ஸ்கோர் கோப்போ ஜிப்பில் சுருட்டிவைத்த எக்ஸ்எம்எல் (குறிச்சொற்களோடு எழுதிய தரவு). அப்படியே கிட்டில் போட்டால் ஏதோ மாறியிருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் புரியாது.

மென்பொருளுக்கே கைகொடுக்க நினைத்தால் இரண்டுக்கும் சி++ என்ற நிரல்மொழி வேண்டும். லிலிபாண்டுக்கு ஸ்கீம் மொழியும் தெரிந்திருந்தால் நல்லது. மியூஸ்ஸ்கோருக்கு நிரல் தருபவர் தந்த நிரலின் மேல் உரிமை வழங்கும் பங்களிப்பாளர் ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்க வேண்டும். எங்களில் ஒருவருக்கு அது கசந்தது. ஆனால் நிரல் தெரியாதவர்கள் டிரான்ஸிஃபெக்ஸ் என்ற மொழிபெயர்ப்புத் தளம் வழியே அதன் மொழிபெயர்ப்பில் சேரலாம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த வாசல்தான் அகலம்.

கடைசியில் எங்கள் வேலையின் வரிசையை முடிவுசெய்தது, கோப்பை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றித்தரும் கருவிதான். மியூஸ்ஸ்கோரிலிருந்து மியூசிக்எக்ஸ்எம்எல்லாக (இசை மென்பொருள்களுக்கான பொதுக் கோப்பு வடிவமாக) எடுத்ததை, லிலிபாண்டோடு வரும் கருவி லிலிபாண்ட் எழுத்தாக மாற்றித் தருகிறது. திரும்பி வர இப்படி நேர்வழி இல்லை. ஆகவே முதலில் மியூஸ்ஸ்கோரில் எழுதி, கரையில் வாசித்துக்காட்டி, பாடியவர்கள் தலையசைத்த பிறகே லிலிபாண்டுக்குக் கொண்டுபோகிறோம். அதற்குப் பிறகும் வேண்டாத கட்டக்கோடுகளைக் கையால் களைய வேண்டியிருக்கிறது. பாட்டுக்கு ஒரு மாலை அதிலேயே போய்விடுகிறது.